தபீதாளுக்கு ஒரு டேப்

டிசம்பர் 16, 1967

பாக்டரி நண்பன் எட்மண்ட் டேப்ரெக்கார்டரைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டான். அவன் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது. ஸ்பூல் சுற்றவில்லை.

"மச்சான், கிறிஸ்துமஸுக்குள்ள இது பேசணும். எங்க வீட்ல எல்லாரும் உன் மிஸஸுக்குப் பேசி ரெக்கார்ட் பண்றோம், ஈப்போவுக்குப் பார்சல் அனுப்பறோம். அக்காவோட ஐடியா!"

சரி என்றேன். உடனே சரி என்றேன். ஏன்?

என் மனைவி தபீதாள் இறந்து எட்டு மாதம். பயிற்சிக்காக நான் மலேசியாவின் ஈப்போவிலிருந்து இங்கே வந்த இடத்தில், பாக்டரிக்குத் தந்தி வந்தது. டைபாய்டு, பதினோரு நாள் காய்ச்சல். அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாது. கையெழுத்துப் போட்டு வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பாதியில் விட்ட சால்டரிங்கை முடித்தேன். தாம்பரத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அழவும் இல்லை.

டிசம்பர் 18

ஸ்பூலைச் சுற்றும் பெல்ட்தான் கோளாறு. ரப்பர் இளகித் தொய்ந்திருக்கிறது. சைக்கிள் டியூபில் மெல்லிசாக ஒரு வளையம் வெட்டி மாட்டினேன். ஓடியது! கீழே இருக்கும் வீட்டுக்காரர் சிட்டிபாபுவைப் பேசச் சொல்லிப் போட்டுக் காட்டினேன்.

"இன்னா சார் இது, எங்க தாத்தா பேசுறா மாரி கீது?"

வளையம் வழுக்குகிறது. இன்னும் கொஞ்சம் சிறிதாக வெட்ட வேண்டும். மத்தியானம் சாப்பிடவே மறந்துவிட்டேன். வேலை மும்முரத்தில்!

டிசம்பர் 19

சரியாகிவிட்டது!! சிட்டிபாபு தன் குரலை ஆறு தடவை கேட்டார்.

டிசம்பர் 22

எட்மண்ட் வீட்டில் அச்சுமுறுக்கு. மாவில் அச்சை முக்கி எண்ணெயில் உதறும் வேலை எனக்கு. முதல் பத்தும் உடைந்தன. "இன்ஜினியரு பார், ஒரு முறுக்கு சுடத் தெரியல" என்று அவன் அக்கா ஞானஜோதி ஓட்டினார். டீச்சர், வாய்க்குப் பஞ்சமில்லை.

"தேவா, தபீதாவுக்கு இது பிடிக்குமாப்பா? பார்சல்ல வைக்கணும்."

"ரொம்பப் பிடிக்கும்க்கா."

இந்த ஒரு வீட்டில் அவள் இன்னும் இருக்கிறாள். அதற்காகத்தான் ஓடி ஓடி வருகிறேனா? வெட்கமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது — அதுதான் பயம்.

நாளை சொல்லிவிட வேண்டும்.

டிசம்பர் 24

சொல்லவில்லை.

டிசம்பர் 25

கோயில், பிரியாணி, கூச்சல். என்ன ஒரு நாள்! பிறகு ரெக்கார்டிங். மைக்கை நான்தான் பிடித்தேன். எட்மண்ட் சுருதியே இல்லாமல் பாடினான். என்னோடு வந்திருந்த சிட்டிபாபு மைக்கை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்: "அம்மா, நான் வூட்டுக்காரன். சார் நல்லா கீறாரு. ரவ எளச்சிட்டாரு, நீ வந்து சோறு போட்டா தேறிடுவாரு!" விழுந்து விழுந்து சிரித்தோம். நானும்.

கடைசியில் அக்கா: "தபீதா, அடுத்த கிறிஸ்துமஸ் நீ இங்கதான். உள் ரூமை உனக்குன்னு ஒழிச்சு வெச்சிருக்கேன்." என் பக்கம் திரும்பி, "புருஷன் பேசலன்னா எப்படி? பேசு."

ஸ்பூல் சுத்திக்கிட்டே இருந்தது.

"தபீதா செத்துட்டாக்கா. ஏப்ரல்லயே."

யாரும் மெஷினை நிறுத்தல. சைக்கிளை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். இனி எந்த மூஞ்சியோட அங்க போவேன்? எல்லாரையும் ஒரு பொணத்துக்கிட்ட பேச வெச்சேனே —

டிசம்பர் 26

காலையில் கதவு தட்டும் சத்தம். எட்மண்ட், அக்கா, கீழே இருந்து சிட்டிபாபு, மூன்று பேரும். அக்கா கையில் தூக்குவாளி, கஞ்சி.

"துக்க வீட்ல அடுப்பு மூட்டக் கூடாது. எட்டு மாசம் லேட்டு. அது உன் தப்பு."

அக்காவும் எட்மண்டும் பாயில் உட்கார்ந்தார்கள். எட்மண்ட் என்னைப் பார்க்கவில்லை. "எங்கிட்டகூடச் சொல்லலியேடா" என்றான் சுவரைப் பார்த்து.

"எப்படிப்பா ஆச்சு?" என்று அக்கா கேட்டார். இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்க விட்டால்தானே. காய்ச்சல், பதினோரு நாள்... என்று ஆரம்பித்தேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. என்ன சத்தம்! என் குரலா அது? சிட்டிபாபு வாசலில் நின்று மூக்கைச் சிந்தினார்.

கஞ்சியை முழுக்கக் குடித்தேன்.

டிசம்பர் 28

டேப்பை அழித்துவிடட்டுமா என்றான் எட்மண்ட். வேண்டாம் என்றேன்.

டிசம்பர் 30

ஏப்ரலிலிருந்து பிரிக்காமலே வைத்திருந்த மாமியாரின் ஐந்து கடிதங்களையும் இன்றுதான் பிரித்தேன். பதில் எழுதினேன், நான்கு பக்கம். அடக்கத்தன்று அவளுக்கு என்ன சேலை கட்டி அனுப்பினீர்கள் என்று கேட்டிருக்கிறேன்.