மூடியின் உட்புறத்தில் நான்கு விரல்

இன்று காலை காட்டாக்கடையிலிருந்து ஒரு மரச்சீனிக் கிழங்கு சீவும் மெஷின் பிளேடு மாற்றுவதற்காகப் பட்டறைக்கு வந்தது. மூடியைக் கழற்றித் திருப்பினேன். உட்புறம் பச்சைப் பூச்சில் நான்கு விரல்கள் பட்ட இடம் மட்டும் அம்மைத் தழும்புபோலச் சின்னச் சின்னக் குழிகளாக இருந்தது. என் கையை அதன்மேல் வைத்துப் பார்க்கவில்லை. பொருந்தும் என்று எனக்குத் தெரியும்.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. எலிக்காய்ச்சல் என்றார்கள். ஐந்தே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. நானும் அழுதேன். ஆனால் அடக்கத்துக்கு வந்திருந்த கூட்டத்தைப் பார்த்து, நான் செத்தால் இதில் பாதிப்பேராவது வருவார்களா என்று நினைத்துக்கொண்டுதான் அழுதேன். உன்னிடம் இனி எதை மறைக்க?

சபையில் பாட்டுக்குழுவில் நீ முன்வரிசை, நான் பின்வரிசை. பள்ளிக்கூடத்தை இருவரும் பத்தாம் வகுப்போடு விட்டோம். நீ விட்டபோது டீச்சர் உன் வீட்டுக்கே வந்து கெஞ்சினார். என்னைத் தேடி யாரும் வரவில்லை. பதினெட்டு முடிந்ததும் உதியன்குளங்கரையில், அண்ணன் என்று நாம் கூப்பிடும் முதலாளியின் மெஷின் பட்டறையில் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். அங்கே மட்டும் நாம் சமமாக இருந்தோம். ஆளுக்கொரு பிரஷ், ஆளுக்கொரு டப்பா பெயிண்ட்.

பிறகுதான் அண்ணன், பெயிண்டுக்குப் பதில் தூளை அடித்து அடுப்பில் சுடும் பவுடர் கோட்டிங் லைன் போட்டார். மெஷின்கள் ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடிக்கின்றன என்று வாங்கினவர்கள் சண்டை பிடித்ததால் வந்த முடிவு அது. கோயம்புத்தூரிலிருந்து அடுப்பும் தூள் அடிக்கும் கன்னும் வந்தன. ஒரு வாரம் நாம் இருவரும் தொட்டிகளை வரிசையாக வைத்தோம், மேலே தண்டவாளம் கட்டினோம், கொக்கி வளைத்தோம். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க ஒரு தொட்டி, துருவுக்கு ஆசிட், நடுநடுவே தண்ணீர். அடுப்பை மாட்டிக் கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர் நம் இருவர் கையிலும் கன்னைத் தந்து பார்த்தார். நான் பிடித்தபோது எல்லோரும் பார்க்கிறார்களே என்று கை ஆடியது. நீ பிடித்தாய். பச்சைத் தூள், தொங்கவிட்ட குழாயின் பின்பக்கமும் சுற்றிப்போய் ஒட்டியது. "ஏட்டி மக்கா, இது தானே தேடிப் போவுது பாரு!" என்று சிரித்தாய். அவர் அண்ணனிடம், "இந்தப் புள்ளைக்குக் கை நடுங்கலைங்க. கன்னை இதுகிட்டயே குடுங்க" என்றார்.

எனக்குத் தொட்டி. கழுவுவதும் மாட்டுவதும்.

போகும்போது அவர் ஒன்றை மூன்று தடவை சொன்னார். கழுவிய தகட்டை வெறுங்கையால் தொடக் கூடாது, எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு குழி விழும். நம் ஊரில்தான் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்காமல் யாரும் வாசலைத் தாண்டுவதில்லையே. நீ அன்றைக்கே நிறுத்தினாய். தேங்காய் நார்போன்ற தலையோடு சபைக்கு வந்தாய். "எண்ணெய்க்கும் கதியில்லாமப் போச்சா பிள்ளே?" என்று பெண்கள் கேலி செய்தார்கள். "கன்னு பிடிக்க கையாக்கும் இது" என்று கையைத் தூக்கிக் காட்டினாய். அந்தத் தலையும் உனக்கு அழகாகத்தான் இருந்தது. நான் நிறுத்தவில்லை. எனக்குத்தான் கன் இல்லையே.

காட்டாக்கடைக் கடைக்காரர் முதல் லோடு பார்க்க வரும் நாள். கழுவிய மூடிகள் வரிசையாகத் தொங்கின. காலையில் வைத்த எண்ணெய் என் கழுத்தில் வழிந்தது. கையால் துடைத்தேன். பிறகு அதே கையால் ஏழு மூடிகளைத் தொட்டேன். தெரியாமல் பட்டுவிட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இல்லை. தெரிந்துதான் தொட்டேன்.

அடுப்பிலிருந்து வந்ததும் குழிகள் தெரிந்தன. "எவளுக்க கையாக்கும் இது?" என்று அண்ணன் கத்தினார். நீ என் தலையைப் பார்த்தாய். வழிந்துகொண்டிருந்த கழுத்தையும் பார்த்தாய். "எனக்க கை ஆக்கும் அண்ணா. கையுறை நனஞ்சு கிடந்துது, கழற்றிட்டேன்" என்றாய். ஆறு மூடிகளின் பூச்சை உரித்து மறுபடி அடித்தோம். உட்புறத்தில் மட்டும் பட்ட ஏழாவது யார் கண்ணிலும் படாமல் போய்விட்டது. ஒரு வாரம் அண்ணன் உன்னிடம் கன்னைத் தரவில்லை. என்னிடமும் தரவில்லை.

பஸ்சுக்கு நிற்கும்போது நீ ஒன்றே ஒன்றுதான் சொன்னாய். "நாளைக்கு சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வா, கேட்டியா." திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நல்லவள் என்கிற இடத்தையும் நீயே எடுத்துக்கொண்டாய்.

இப்போது கன் என் கையில். புதிதாக யார் வந்தாலும் அண்ணன் உன்னைத்தான் சொல்கிறார். "அவ அடிச்சா கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரே ஒரு வாட்டியாக்கும் கை தப்பினது." அந்த ஒரே ஒரு வாட்டியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே கொஞ்சம் இனித்திருக்கிறது.

இன்றும் அவர் மூடியை எட்டிப் பார்த்தார். "பாவம், அவளுக்க கை" என்று தடவினார். இறந்தவளின் கை என்று நினைத்து அவர் தடவியது என் கையை. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணா, அது எனக்க கை ஆக்கும்."

நிமிர்ந்து பார்த்தார். "இத்தற நாளும் ஏன் சொல்லேல்ல?"

"பேடி. வேலை போயிருமோன்னு."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

மூடியை மறுபடி திருப்பிப் பார்த்தார். பிறகு, "நானும் நெனச்சேன், அவளுக்குக் கை தப்பாதேன்னு" என்றார். என்னைப் போகச் சொல்லவில்லை. மூடியை உரித்துப் புதிதாக அடிக்கச் சொன்னார்.

இனி அவர் அந்த ஒரு வாட்டியையும் சொல்லமாட்டார். உன்மேல் இருந்த ஒரே குறையையும் நானே துடைத்துக் கொடுத்துவிட்டேன். இதற்கும் உன்மேல் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

எண்ணெய் வைப்பதை நீ இறந்த அந்த வாரமே நிறுத்திவிட்டேன். எனக்கு அந்தத் தலை அழகாக இல்லை. மூடி அடுப்பில் இருக்கிறது. அடிக்கும்போது கை நடுங்கவில்லை. நீ பார்த்திருக்க வேண்டும். நீ பார்த்து, கொஞ்சமாவது பொறாமைப்பட்டிருக்க வேண்டும்.