யமுனா அக்கா கேட்ட ஒரு பிடி

பாயான் பாரு, பினாங்கு
வியாழக்கிழமை

அன்புள்ள யமுனா அக்காவுக்கு,

துளசி எழுதுவது. இதை உன்னிடம் கொடுக்கும் பெண் சித்தி ஆயிஷா, என்னோடு ஜூடோ பழகுகிறவள். ஜொகூர் பாருவுக்குப் போட்டிக்காக வருகிறாள். விரல் சுளுக்கு என்று சொல்லி நீ வேலை செய்யும் கிளினிக் கவுன்டரில் வந்து நிற்பாள். சுளுக்கு உண்மைதான். நான் பிடித்து இழுத்ததில் வந்தது. "கையையும் ஒடைச்சிட்டு, தபால்காரி வேலையும் குடுக்குற, நல்லா இருக்கு லா" என்று திட்டிவிட்டுத்தான் கடிதத்தை வாங்கிக்கொள்ளச் சம்மதித்தாள்.

படித்ததும் அங்கேயே கிழித்துப் போடு. வீட்டுக்குக் கொண்டு போகாதே. உன் போனைக் கிஷன் அத்தான் தினமும் பார்க்கிறார் என்பதால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

போன வாரம், "ஒரே ஒரு பிடி சொல்லிக் குடுடி, ஆளக் கீழ தள்ளுற மாதிரி" என்று போனில் செய்தி அனுப்பினாய். நான் பதில் போடுமுன் அழித்துவிட்டாய். ஆனால் நான் படித்துவிட்டேன் அக்கா.

தைப்பூசத்துக்கு வந்திருந்தபோதே எனக்குச் சந்தேகம். சமையலறையில் விளையாட்டாக உன் சட்டைக் காலரைப் பிடித்தேன் இல்லையா? புதிதாகப் பழக வருகிறவர்களை அப்படிப் பிடித்தால் எதிர்த்துத் தள்ளுவார்கள், இல்லையென்றால் பின்னால் இழுப்பார்கள். நீ இரண்டையும் செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினாய். வடை தட்டிக்கொண்டிருந்த அம்மா, "விடுடி அவள, பயந்துட்டா பாரு" என்றார். நான் கையை எடுத்த பிறகும் நீ கண்ணைத் திறக்கவில்லை.

நீ கேட்ட பிடியை நான் சொல்லித் தரப் போவதில்லை. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ சின்ன உடம்புக்காரர். பள்ளியில் முரட்டுப் பையன்களிடம் அடி வாங்கியவர். சாமுராய் காலத்துச் சண்டை முறைகளைத் தேடிப் போய்க் கற்றார். பிறகு தோக்கியோவில் ஒரு பௌத்தக் கோயிலின் அறையில் தம்முடைய முறையைத் தொடங்கினார். ஆளை முடமாக்கும் பிடிகளைப் பயிற்சியிலிருந்து ஒதுக்கினார். முழுப் பலத்தோடு வீசினாலும் எதிரே இருப்பவர் எழுந்து வந்து மறுபடி வணங்க வேண்டும், இரண்டு பேருமே அதனால் வளர வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதனால் எங்களுக்கு முதலில் அடிபடாமல் விழத்தான் கற்றுத் தருகிறார்கள். மூச்சு முட்டினால் கையால் தட்டுவோம். தட்டியதும் அடுத்தவர் விட்டே ஆக வேண்டும். விடாதவரோடு யாரும் மெத்தையில் ஏற மாட்டார்கள்.

"சும்மா வெளையாட்டுக்குத் தள்ளுனேன் ஆன்ட்டி, அவதான் ரொம்ப சென்சிட்டிவ்" என்று அத்தான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மாவும் அதை நம்பி, "அக்காவக் கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போகச் சொல்லு. ஒன் ஜூடோவுலயும் அதத்தானே சொல்றாங்க" என்று என்னையே மடக்கினார்.

ஜூடோவில் சொல்வது அதுவல்ல. அவர் பலம் பத்து, உன் பலம் ஏழு என்று வை. எதிர்த்துத் தள்ளினால் நீ தோற்பாய். அசையாமல் நின்று வாங்கிக்கொண்டாலும் நீதான் விழுவாய். அவர் தள்ளும்போது நீ விலகிவிட்டால் அவர்தான் நிலை தடுமாறுவார். உன் ஏழு உன்னிடமே இருக்கும். ஆனால் அதற்குக் கால் நகர வேண்டும் அக்கா. நின்ற இடத்திலேயே நின்று விட்டுக்கொடுப்பது எங்கள் பாடத்தில் எங்கும் இல்லை.

ஒரு பிடியைக் கற்று நீ அவரை வீழ்த்தினாலும், அவர் எழுந்து வருவார். அந்த வீட்டுக்குள் அப்போது நீ தனியாக இருப்பாய்.

திங்கட்கிழமை காலை அத்தான் உன்னை இறக்கிவிட்டு வேலைக்குப் போனதும், கிளினிக்குக்குப் பின்னாலுள்ள பெட்ரோல் நிலையத்துக்கு வா. போட்டி முடிந்து பினாங்கு திரும்பும் எங்கள் குழுவின் வேன் அங்கே நிற்கும். ஓட்டுகிறவர் கோச் அஃபிக். அவருக்கும் ஆயிஷாவுக்கும் மட்டும் விஷயம் தெரியும். துணிமணி எதுவும் வேண்டாம், அடையாள அட்டை போதும். போனைக் கவுன்டரிலேயே விட்டுவிடு. என் முகம் அத்தானுக்குத் தெரியும் என்பதால் நான் வரவில்லை. இங்கே வீட்டு வாசலில் காத்திருப்பேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நல்லது செய்வதாக நினைத்து அத்தானுக்கே போன் போட்டுச் சமாதானம் பேசுவார். நீ வந்து சேர்ந்த பிறகு அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். ஊர் பேசட்டும்.

முடியாது என்று தோன்றினால் ஆயிஷாவிடம் சொல்லிவிடு, அவள் கேள்வி கேட்க மாட்டாள். அப்படிச் சொன்னாலும் திங்கட்கிழமை வேன் நிற்கும். மனம் மாறினால் வரலாம்.

அங்கே நலமாக இரு என்று எழுதித்தான் முடிக்க வேண்டும். அதை எழுதக் கை வரவில்லை. வந்துவிடு அக்கா.

உன் தங்கை,
துளசி