குதிகாலால் போடும் கியர்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கையில் ஒரு சிராய்ப்பைத் தவிர, அதைப் பிறகு சொல்கிறேன். நீ நலமா என்று கேட்கும் இடத்தில் இப்போதெல்லாம் பேனா நின்றுவிடுகிறது, இருந்தாலும் கேட்கிறேன். சலவைக்கூடத்தில் அம்மாவைப் பகல் வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள், முதுகுவலி கொஞ்சம் தேவலை. பட்டறைக் கூரையில் ஒழுகிய இடத்துக்குத் தகரம் போட்டாயிற்று.

உன் கடிதமும் மூன்று போட்டோவும் வந்தன. இடது காலில் விரல் இல்லாமல் பைக் கியரை மேலே தூக்க முடியவில்லை என்று அங்கே ஒரு மெக்கானிக்கிடம் போனாய், அவர் குதிகாலால் அழுத்தினாலே மேல் கியர் விழும்படி லிவரை நீட்டி, அதைக் கியர் ஷாஃப்டோடு இணைக்கும் லிங்க் கம்பியையும் புதிதாகச் செய்து கொடுத்தார் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். ஸ்டூலில் உட்கார வைத்தாராம், ஷூவைக் கழற்றச் சொன்னாராம், பாதத்தை உள்ளங்கையில் தாங்கி எங்கே வலிக்கிறது என்று கேட்டு ஸ்கேலால் அளந்தாராம். அவரை அண்ணன் என்று வேறு எழுதுகிறாய். அண்ணனாம். எனக்கு வயிறு எரிந்தது, நாகரிகமாக வேறு வார்த்தை தேடப் பொறுமை இல்லை. முப்பது வருஷமாக ஊரார் வண்டிக்கெல்லாம் கியர் பார்க்கிறவன் நான். என் மகளின் காலுக்கு லிவர் செய்ய யாரோ ஒரு ஆள். மூன்று போட்டோவில் லிவர் இருக்கிறது, கம்பி இருக்கிறது, அந்த ஆளின் கட்டைவிரல்கூட இருக்கிறது, உன் கால் இல்லை. கட்டுப் பிரித்த பிறகுதான் விபத்தையே எங்களுக்குச் சொன்னாய். பெற்றவனுக்குக் காட்டாத காலை அவனுக்குக் காட்டியிருக்கிறாய்.

பூதக்கண்ணாடி வைத்துக் குற்றம் தேடினேன். வெல்டிங் மொத்தை என்றேன், கம்பி கோணல் என்றேன். அம்மா துணி மடித்துக்கொண்டே, ஏங்க, பளு தூக்குற கொக்கி தேஞ்சிருக்குன்னு உங்க பொண்ணு மூணு தடவை சொல்லியும் மாத்தாம, அவ்வளவு பெரிய இரும்பு அச்சை அவ கால்ல விழ வச்சான் பாருங்க அந்தக் கம்பெனிக்காரன், அவனை விட்டுட்டு லிவர் செஞ்சவனைத் திட்டுறீங்களே என்றாள். அவள் சொன்னது நியாயம். தேய்ந்த கொக்கியை மாற்றாதவன் நாற்காலியில் இருக்கிறான், உன் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்து வாங்கப் பார்க்கிறான். எதிலும் கையெழுத்துப் போடாதே, தொழிற்சங்கத்து அக்கா வாசித்துப் பார்க்காத தாளைத் தொடாதே. ஆனால் நியாயம் தெரிந்தும் என் எரிச்சல் அடங்கவில்லை. அந்தக் கம்பி ஒரு நாள் நடுரோட்டில் கழன்று விழட்டும், அப்போதுதான் இவளுக்கு அப்பன் அருமை தெரியும் என்று நினைத்துவிட்டேன். அந்த லிவரின் மேல் இருப்பது உன் கால் என்பது ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை, உன்னிடம் மறைக்க முடியவில்லை.

மறுநாள் அந்த மெக்கானிக்கைவிட நன்றாகச் செய்து காட்டுகிறேன் என்று என் வண்டியிலேயே குதிகால் லிவர் வைத்தேன். இடது கால் விரல்களை ட்யூப் துண்டால் இறுக்கிக் கட்டி ஷூவுக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினேன். மூன்றிலிருந்து நான்குக்குப் போக அழுத்தினேன், இரண்டில் போய் விழுந்தது, பின்சக்கரம் இழுத்து சலூன் வாசலில் விழுந்தேன். கியர் ஷாஃப்டில் மாட்டும், லிங்க் கம்பி வந்து சேரும் சின்ன இரும்புக் கையை மேல்நோக்கி வைப்பதற்குப் பதில் கீழ்நோக்கி மாட்டியிருக்கிறேன், அதனால் எல்லாம் தலைகீழ். சலூன்காரர் கத்திரிக்கோலோடு ஓடிவந்து, என்ன மெக்கானிக்கே, ஊர் வண்டியெல்லாம் உங்க பேச்சைக் கேக்குது, சொந்த வண்டி உங்களைத் தூக்கி எறியுதே என்றார். முழங்கைதான் தேய்ந்தது. விரல் கட்டை அவிழ்க்காமலே பட்டறை வரை வண்டியைத் தள்ளி வந்தேன். அந்த முந்நூறு அடி நடக்கிறதுக்குள் கண் கலங்கிவிட்டது. நீ தினமும் நடக்கிறாய்.

வந்து மறுபடியும் போட்டோவைப் பார்த்தேன். அந்த மெக்கானிக் கழற்றும் முன்பே ஷாஃப்டிலும் அந்த இரும்புக் கையிலும் வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டிருக்கிறார், திரும்ப மாட்டும்போது மாறக் கூடாது என்று. கம்பியின் இரண்டு முனையிலும் கழன்றுவிடாமல் பூட்டும் லாக் நட் இருக்கிறது. குதிகால் படும் இடத்தில் டயர் ரப்பரை வெட்டி ஒட்டியிருக்கிறார். நல்ல வேலை. இதை எழுத எனக்கு அரை நாள் ஆயிற்று. என் வணக்கத்தை அவரிடம் சொல். எரிச்சல் முழுக்கப் போய்விட்டது என்று மட்டும் சொல்லாதே, அது பொய்.

வாரம் ஒரு முறை அந்த லாக் நட்டுகளைக் கையால் தொட்டுப் பார். மழையில் மெதுவாகப் போ. யாருக்கும் கை கட்டி நிற்காமல் நீ நிமிர்ந்து வாழ வேண்டும், அதுவே எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஒன்றை மறந்துவிடாதே. போட்டோ எடுக்க மனசு வராவிட்டால் வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளில் இடது காலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. லிவருக்கு அளவு தேவையில்லை, அவர் செய்ததே சரி. எனக்குத்தான் வேண்டும்.

உன் அப்பா