ஒரு மீன் எண்ணெய் மாத்திரையும் என் தவறும்

என் ஸ்டெல்லா அண்ணிக்கு,

மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன ஞாயிறு உங்கள் வருஷப் பூசை. அண்ணன் கோயிலில் அழவில்லை, வீட்டுக்கு வந்து உங்கள் டிபன் பாக்ஸை எடுத்து வைத்துக்கொண்டு அழுதார். நான் நேராக ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போய், இத்தனை நாள் தொடப் பயந்த உங்கள் மூளைப் படத்தைத் திறந்தேன்.

ஞாபகம் இருக்கிறதா? வலிப்பு நோயாளிகளின் மூளையில் எந்தப் பக்கம் சுருங்கியிருக்கிறது, ஆபரேஷனில் எந்தப் பக்கத்தை அறுக்க வேண்டும் என்று அளந்து சொல்லும் புரோகிராமை எழுதிவிட்டு, சோதித்துப் பார்க்க ஒரு நல்ல மூளை வேண்டும் என்றேன். "நல்ல மூளைன்னா உங்க அண்ணனுது ஆகாது, நானே படுக்கிறேன்" என்றீர்கள். நீங்கள் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரிலேயே மெஷினுக்குள் போகும் முன், நெற்றிப்பொட்டில் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டிக்கொண்டீர்கள்.

"படத்துல வெள்ளையாத் தெரியும். சோத்துக்கைப் பக்கம் ஒட்டியிருக்கேன். முதல்ல அதைப் பாரு ஜெசி. மெஷினை நம்பாதே, உன்னைச் சுத்தமா நம்பாதே."

அடுத்த வாரமே காய்ச்சலில் படுத்தீர்கள். அதற்குப் பிறகு எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஞாயிறன்று பார்த்தேன். மாத்திரை இருந்த பக்கத்தில் என் புரோகிராம் ‘இடது’ என்று எழுதியிருந்தது. டாக்டர்கள் படத்தை, எதிரே நிற்கிற ஆளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அவருடைய வலது நமக்கு இடது. மெஷின் ஏற்கெனவே அப்படித் திருப்பித் தந்ததை, மேதாவி நான் இன்னொரு தடவை திருப்பியிருக்கிறேன். ஒரு வருஷமாக எல்லோருடைய மூளையையும் பக்கம் மாற்றித்தான் அளந்திருக்கிறோம் அண்ணி!

திங்களன்று எங்கள் ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரிடம் சொன்னேன். திருச்சியிலும் மதுரையிலும் உள்ள இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு இந்தப் புரோகிராமை ஏற்கெனவே அனுப்பியிருந்தோம்.

"அடுத்த ஃப்ளாப்பியில சத்தமில்லாம சரி பண்ணிடும்மா. கட்டுரை வேற அனுப்பியாச்சு."

"அதுக்குள்ள யாராவது இதை நம்பி நல்ல பக்கத்தை அறுத்துட்டா சார்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "உன் பேர்தான் நாறும்" என்றார். நாறட்டும் என்று சொல்லிவிட்டேன். எனக்கு எங்கிருந்து வந்தது இந்த வாய்? உங்களோடு ஒரே வீட்டில் இருந்ததாலா?

தாம்பரம் ஸ்டேஷன் எதிரே உள்ள எஸ்.டி.டி. பூத்திலிருந்து திருச்சிக்குப் பேசினேன். இன்னும் யாருக்கும் ஆபரேஷன் செய்யவில்லையாம். உடனே மதுரை நம்பரைப் போட்டேன். மதுரைக்கு இரண்டு நாளாக லைன் கிடைக்கவில்லை. தந்தி கொடுத்தேன், பதில் இல்லை. "மழை இந்தக் கொட்டு கொட்டுது, அடுத்த வாரம் மதுரைக்குப் போயேன் ஜெசி" என்கிறார் அண்ணன். அடுத்த வாரம் அங்கே யார் ஆபரேஷன் மேஜையில் படுத்திருப்பார்களோ, யாருக்குத் தெரியும்?

நாளைக்கு ரயில் ஏறுகிறேன். திருத்திய புரோகிராமை அவர்கள் கம்ப்யூட்டரில் போட்டு, உங்கள் படத்தைத் திறந்து, அங்கே ஆபரேஷன் செய்கிற டாக்டரின் விரலைப் பிடித்துத் திரையில் வைத்து, "இதுதான் எங்க அண்ணியோட வலது பக்கம்" என்று காட்டாமல் திரும்ப மாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம்.

உங்கள் வாயாடி நாத்தனார்,
ஜெசிந்தா
சிட்லபாக்கம்