பிப்ரவரியில் ஒரு கட்டில்

ஓபர்மோஸ், டிரோல்
2 டிசம்பர் 1986

அன்புள்ள மேனா அக்காவுக்கு,

பாத்திரம் கழுவிக் கழுவிக் கை வெடித்திருக்கிறது. மற்றபடி நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? வியன்னாவில் பனி தரையைத் தொட்டதும் கறுத்துவிடும் என்று அப்பா சொல்கிறார். உண்மையா?

இங்கே மூன்று நாளாக விடாமல் விழுகிறது. விறகுக் கொட்டகைக் கதவைக் காணோம். மலைக்கு ஆளேற்றும் லிஃப்ட் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. இன்று விடிந்ததும் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு ரொட்டி வாங்க ஸ்கீயில் கீழே இறங்கினேன். லார்ச் மரங்களின் ஓரமாக, நாம் வழக்கமாகப் போகும் வழிதான். முழங்கால் வரை மாவு மாதிரி பனி. சத்தமே இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் பனி எழும்பி வந்து வாய்க்குள் போனது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

பேக்கரி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். மலைமேல் ஒரே ஒரு தடம். நீ இருந்தபோது இரண்டும் பின்னல் மாதிரி இறங்கி வரும்.

அக்கா, நீ கிளம்பிப்போன அன்று அம்மாவிடம் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "பிப்ரவரி மாசத்துல இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு கட்டில் இருந்தா சொல்லி அனுப்பு, அன்னிக்கு வரேன்" என்றாய். காய்ச்சலோடு நீ சமையலறைப் பெஞ்சில் கிடந்தாய், நம் கட்டிலில் கொலோனிலிருந்து வந்த விருந்தினர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இங்கே எல்லோர் வீட்டிலும் சீசனில் விருந்தினருக்காகப் பிள்ளைகள் அறையைக் காலி செய்வது வழக்கம்தான். ஆனாலும் அந்தக் குறட்டையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்த வருடம் நம் அறையை, அந்த ஏழாம் அறையை, உனக்காக வைக்கப்போகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். தொலைபேசி கூடத்திலேயே இருக்கிறது. விருந்தினர் காதில் விழும் என்று நினைத்தாலே எனக்குக் குரல் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் கட்டில் அப்படியே இருக்கிறது. ஜன்னல் பக்கம் உனக்கு, சுவர் பக்கம் எனக்கு.

உன் புர்கி

*

வியன்னா
14 டிசம்பர் 1986

என் புர்கிக் குட்டிக்கு,

கைக்குப் பன்றிக் கொழுப்பு தடவு. அம்மா திட்டினால் நான் சொன்னேன் என்று சொல்.

நீ எழுதியதைக் கடையில் நின்றபடியே படித்தேன். கடைக்கார அம்மாள், "காதல் கடிதமா?" என்று கேட்டாள். "மாவு மாதிரி பனியாம்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. இங்கே நாள் முழுவதும் பிறர் மூக்கில் கண்ணாடியை மாட்டி, "இப்போ தெரியுதா?" என்று கேட்பதுதான் என் வேலை. எனக்கு எதிர்ச் சுவரைத் தவிர ஒன்றும் தெரிவதில்லை.

அம்மாவாவது கட்டிலைச் சும்மா விடுவதாவது! குளியல் தொட்டியில் மெத்தை போட்டு டச்சுக்காரரைப் படுக்க வைத்தவள் அவள். நீ ஆசைப்பட்டு ஏமாறாதே. நான் சத்தியம் எதுவும் செய்யமாட்டேன்.

எனக்கு இங்கே ஒரு கட்டில் இருக்கிறது. ஒல்லியானது. ஆனால் வருடம் முழுக்க என்னுடையது. அதில் தூக்கம் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

அன்புடன்
மேனா

*

ஓபர்மோஸ்
6 ஜனவரி 1987

அன்புள்ள அக்கா,

சொல்லிவிட்டேன்! நானாகச் சொல்லவில்லை, மாட்டிக்கொண்டேன்.

நேற்று மூவரசர் திருநாளுக்கு முந்தைய நாள் அல்லவா? அப்பா சாம்பிராணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு தொழுவத்திலிருந்து பரண் வரை புகை காட்டி வந்தார். அம்மா பின்னாலேயே புனித நீர் தெளித்தாள். கதவு நிலைகளில் திருநாள் குறி எழுத நான் சாக்கட்டியோடு கடைசியில். ஏழாம் அறை வந்தது. பூட்டு.

"யாருடி இதப் பூட்டினது?"

"நான்தான்."

"ஏன், உள்ள நரி கட்டியிருக்கியா?"

"மேனாவுக்கு."

அம்மா கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றாள். அப்பா புகைக்கு இருமினார், அல்லது இருமுவதுபோல் செய்தார்.

"அவ வரேன்னாளா?"

"சொல்லல."

"வராதவளுக்குக் கட்டிலு, வந்து நிக்கிறவனுக்குப் பெஞ்சு. நல்லா நடத்துவ நீ விடுதி."

"விடேன், ஒரு ரூம்தானே" என்றார் அப்பா.

"ஒரு மேய்ச்சல்தானே, ஒரு மேய்ச்சல்தானேன்னுதான் உங்கப்பா அந்த மலையவே வித்தாரு."

பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "பிப்ரவரி பதினாலு, சனிக்கிழமை. அதுவரைக்கும் வச்சுக்க. அன்னிக்கு, வருஷா வருஷம் நம்மகிட்ட தங்கற டெல்காம்ப் அம்மாவோட தங்கச்சி ஹாம்பர்க்லேர்ந்து வராங்க. அதுக்குள்ள உங்கக்கா வரலேன்னா அவங்களுக்குக் குடுத்துருவேன். அப்புறம் அழக்கூடாது."

கதவைத் திறந்தேன். அப்பா புகை காட்டினார். அம்மா மற்ற அறைகளுக்கு ஒரு முறை தெளித்தாள், ஏழுக்கு இரண்டு முறை. நான் எண்ணியதை அவள் பார்த்துவிட்டாள். "சாக்கட்டிய எடுத்துக் கோடு போடு, என்ன பாக்கற?" என்றாள்.

மற்றபடி பனி அருமை. கிராமத்தில் நடக்க இடமில்லாத கூட்டம். ஸ்கீ சொல்லித்தரும் காசியானுக்குத் தினமும் இங்கேதான் மதியச் சாப்பாடு. "ஏ வாயில்லாப் பூச்சி, இன்னிக்கு எத்தன வார்த்த பேசின? மூணா?" என்று விருந்தினர் எல்லோருக்கும் கேட்கும்படி கத்துகிறான். அவர்கள் சிரிக்கிறார்கள். நான் சூப்பை வைத்துவிட்டு ஓடிவிடுகிறேன். நேற்று, "லார்ச் ஓரமா தினம் ஒரு தடம் வருதே, யாரோடது? பசங்க கேட்டாங்க. மான்னு சொல்லிட்டேன்" என்றான். என்னுடையது என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

நான் பெஞ்சில்தான் படுக்கிறேன். ஏழாம் அறையில் படுக்கலாம்தான். ஆனால் உனக்கென்று விரித்த விரிப்பைக் கசக்க மனமில்லை.

வந்துவிடு அக்கா.

புர்கி

*

வியன்னா
21 ஜனவரி 1987

புர்கி,

நீயா பூட்டினாய்? அம்மா முன்னால் நின்று "நான்தான்" என்றாயா? டிராமில் இதைப் படித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

இரண்டு முறை தெளித்தாளா?

கடைக்கார அம்மாளிடம் நான்கு நாள் கேட்டிருக்கிறேன். பிப்ரவரியில் பார்க்கலாம் என்கிறாள். எந்த நாள் என்று கடைசி நிமிடத்தில்தான் சொல்வாள், அவள் குணம் அப்படி. அதனால் பஸ் வரும்போதெல்லாம் வாசலுக்கு ஓடாதே. அம்மாவிடமும் சொல்லாதே. ஆசை காட்டிவிட்டு வரமுடியாமல் போனால் அவள் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும்.

என் பூட்ஸைக் கணப்புக்குப் பக்கத்தில் வைக்காதே, தோல் வெடிக்கும். வைக்கச் சொல்லவில்லை. சும்மா சொல்கிறேன்.

மேனா

*

ஓபர்மோஸ்
8 பிப்ரவரி 1987, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

உன் பூட்ஸுக்கு மெழுகு போட்டுவிட்டேன். கணப்பிலிருந்து தள்ளித்தான் வைத்திருக்கிறேன்.

நேற்று நான் ஒரு காரியம் செய்தேன். கேட்டால் நம்பமாட்டாய்.

சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பழையவர்கள் கிளம்ப, புதியவர்கள் வர, வீடு சந்தையாகிவிடும். இந்த வருடப் பனிக்கு முன்பதிவே இல்லாமல் வந்து கதவைத் தட்டுகிறார்கள். காலையிலிருந்து எத்தனையோ பேர். ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்த்து, "ஒரு சின்ன ரூம்கூட இல்லையாம்மா?" என்று கேட்கிறார்கள். குழந்தையோடு ஒருத்தி கேட்டபோது ஏழாம் அறைச் சாவி என் ஏப்ரன் பையில் சுட்டது. எனக்கு இல்லை என்று சொல்ல வராது. இன்னும் ஒருவர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

அதனால் மத்தியானம் ஓடிப்போய் வாசல் தூணில் தொங்கும் பலகையை "இடமில்லை" பக்கமாகத் திருப்பி மாட்டினேன். அம்மா ஒருநாளும் திருப்பாத பலகை! ஆணி துருப்பிடித்திருந்தது, விரலைக் கிழித்துக்கொண்டேன். அதன்பிறகு ஒருவரும் தட்டவில்லை. நான் சொல்ல வேண்டியதை அது சொல்லிக்கொண்டு தொங்கியது.

இரவுச் சாப்பாட்டின்போதுதான் அம்மா கவனித்தாள். "என் கல்யாணத்துக்கப்புறம் அந்தப் பக்கத்த இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள்.

உன் கட்டிலை இப்படித்தான் காப்பாற்றி வைத்திருக்கிறேன். இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

உன் புர்கி

*

வியன்னா
8 பிப்ரவரி 1987

புர்கி,

நேற்று வந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை கடைக்கார அம்மாள் "போய் வா" என்றாள். விடியற்காலை ரயில் ஏறினேன். உங்களுக்குச் சொல்லவில்லை. சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு திடீரென்று நிற்கலாம் என்று இருந்தேன்.

பஸ் நம் வாசல் வளைவுக்கு வந்தபோது வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. லார்ச் ஓரமாக உன் தடத்தைப் பார்த்தேன். அழகாக இறங்கியிருந்தாய், முன்பு போல இடது பக்கம் சாயவில்லை. பெட்டியோடு இறங்கி நான்கு எட்டு வைத்தேன். தூணில் பலகை.

அந்தப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. பரண், தொட்டி, பெஞ்சு எல்லாம் நிரம்பினால்தான் அம்மா அதைத் திருப்புவாள். நம் வீட்டில் வளர்ந்தவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சமையலறை ஜன்னலில் நீ தெரிந்தாய். தட்டுகளை அடுக்கி ஏந்தி, முழங்கையால் கதவைத் தள்ளினாய். பெஞ்சின் மேல் யார் யாருடைய பெட்டிகளோ இருந்தன. நான் தட்டியிருந்தால் நீ அந்தப் பெஞ்சையும் எனக்குக் கொடுத்திருப்பாய். அப்புறம் நீ எங்கே படுப்பாய்?

பஸ் திரும்பி நின்றது. ஏறினேன். ஓட்டுநர் புது ஆள். "ஏம்மா, இப்பத்தானே எறங்கின?" என்றார். "இடமில்லையாம்" என்றேன். "சீசன்ல சொல்லாம வந்தா எப்படிம்மா?" என்றார்.

உன்மேல் கோபம் இல்லை. நீ உன்னால் ஆனதைச் செய்திருப்பாய். அம்மா தெளித்த இரண்டாவது முறையை நான்தான் பெரிதாக எடுத்துக்கொண்டேன். ஏழாம் அறையை அந்த ஹாம்பர்க் அம்மாளுக்குக் கொடுத்துவிடச் சொல். இனி எனக்காக எதையும் பூட்டி வைக்காதே.

மேனா

*

ஓபர்மோஸ்
22 பிப்ரவரி 1987

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை வந்தது. என்னுடையதும் அன்றே உனக்குக் கிடைத்திருக்கும். அப்படியென்றால் பலகையைத் திருப்பியது யார், எதற்கு என்று உனக்குத் தெரியும். நீ எழுதுவாய் என்று தினமும் பார்த்தேன். எழுதவில்லை. கோபம் இல்லை என்றாய், அதனால் இது வெட்கமாக இருக்கலாம். எனக்கு வெட்கம் தெரியும், வந்துவிட்டால் ஒரு சொல்கூட வெளியே வராது. நான் அவசரப்படுத்தமாட்டேன்.

விறகுக் கொட்டகையில் நின்று உன் கடிதத்தைப் படித்தேன். பிறகு அம்மாவிடம் போய்ச் சொன்னேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாச வரைக்கும் வந்தாளா?"

"ஆமா."

"பலகையப் பாத்துட்டு..."

"ஆமாம்மா."

"டிரைவர் யாரு, பெப்பியா?"

"புது ஆளாம்."

"பெப்பியா இருந்தா கையப் புடிச்சு இழுத்துட்டு வந்திருப்பான்" என்றாள். அதையே மறுபடியும் சொன்னாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பதினாலாம் தேதி வந்தது. சனிக்கிழமை, வாசலில் கார்கள், கூடமெல்லாம் ஈரப் பூட்ஸ். கழுவும் தொட்டி நிறையத் தட்டுகள். நான் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். மேலே போய் ஏழாம் அறையைத் திறந்து, உனக்காக விரித்த விரிப்பில் படுத்து, இறகுப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். பட்டப்பகல் மூன்று மணிக்கு! இந்த வீட்டில் யாரும் அப்படிச் செய்ததில்லை. ஏன் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிப்ரவரியில் நம்மில் ஒருத்தியாவது அதில் படுக்க வேண்டும் என்று இருந்தது. நீ போன பிறகு பள்ளிக்கூடத்தை விட்டு அந்தத் தட்டுகளைத் தூக்க ஆரம்பித்தேன். அன்றுதான் முதல்முறையாகக் கீழே வைத்தேன்.

மாடிப்படியில் பேச்சுக்குரல் கேட்டது. அம்மா கதவைத் திறந்தாள். பின்னால் டெல்காம்ப் அம்மாளின் தங்கை.

"யாரோ படுத்திருக்காங்க போலிருக்கே?" என்றாள் அவள்.

நான் போர்வைக்குள் சுருண்டுகொண்டேன்.

"ஆமாங்க" என்றாள் அம்மா. "இதுல என் பொண்ணு இருக்கா. இந்த ரூம் கிடையாது."

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. எந்தப் பெண்ணைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அம்மாவும் அப்பாவும் தாங்கள் படுத்துவந்த பரணை ஹாம்பர்க் அம்மாளுக்குக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்கு வந்துவிட்டார்கள். அப்பா என் பெஞ்சில் படுக்கிறார். இடுப்பு போயிற்று என்கிறார். ஆனால் கணப்பின் கதகதப்பு பரவாயில்லையாம்.

பலகையைக் கழற்றி விறகுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். இப்போது தட்டுகிறவர்களுக்கு நானே கதவைத் திறந்து, இல்லை என்று சொல்கிறேன். காது சிவக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். காசியானிடமும், அது மான் இல்லை, நான்தான் என்று சொன்னேன். அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தச் சரிவுலயா?" என்றான். நான் சமையலறைக்கு வந்துவிட்டேன். ஒரு நாளைக்கு அவ்வளவு பேச்சு போதும்.

நேற்று மறுபடியும் பெரிய பனி. இன்று காலை இறங்கும்போது பழைய தடம் ஒன்றுகூட இல்லை.

தினமும் ஏழாம் அறையில்தான் தூங்குகிறேன். முழுக் கட்டிலும் எனக்குத்தான். ஆனாலும் பழக்கம், சுவரோடு ஒட்டித்தான் படுக்கிறேன். காலையில் கையை நீட்டினால் ஜன்னல் பக்கம் சில்லென்று இருக்கிறது.

புர்கி