எந்தச் சாட்சி சொன்னது?

இன்று மலைமேல் கியா பார்ம் ஊர்க் கடையொன்றில் மரவள்ளிக்கிழங்கு அவிந்துகொண்டிருந்தது. அந்த ஆவி முகத்தில் பட்டதும் உன் நினைவு வந்துவிட்டது.

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் நம் தோட்டத்து லயன் வீடுகளில் கிழங்குதான் சோறு. தோட்டத்து ஸ்டோரில் அரிசி காணாமல் போன அன்று, பொழுது சாய நீ மூட்டையோடு வந்ததைக் காவல்காரர் பார்த்தார். அது கிழங்கு மூட்டை. எவரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

தானா ராத்தா கோர்ட்டில் அரசு வக்கீல் கடைசியாக எழுந்தார். “திருட்டு இந்தக் கூலி ஜனங்களின் ரத்தத்திலேயே இருக்கிறது. இவளை விட்டால் நாளை லயனே திருடும்.” உனக்கு ஒரு மாதச் சிறை.

சிறையில் மழித்த மொட்டைத் தலையோடு திரும்பினாய். உன் புருஷன் நான், உனக்கு முன்னால் அழுதேன். நீயோ வாசலில் நின்றபடியே, “அப்பீல் பண்ணணுங்க” என்றாய்.

நம் வக்கீல் நல்லவர், பயந்தவர். “தண்டனைதான் முடிஞ்சிருச்சே, தங்கச்சி. ஜப்பான்காரன்கிட்ட எதுக்கு வம்பு? பேசாம இரு லா.”

“என் தண்டனை முடிஞ்சிருச்சு. எங்க புள்ளைங்க மேல போட்ட பழி முடியலையே.”

அப்பீல் அன்று முக்காடு போடச் சொன்னேன். “திருடினவ மறைக்கட்டும்” என்று மொட்டைத் தலையோடே கீழே டவுனில் பெரிய கோர்ட்டு ஏறினாய்.

வாளோடு ஒரு ஜப்பான் அதிகாரி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி கேட்டார்.

“ஐயா, மூட்டையப் பத்திக் காவல்காரர் சாட்சி சொன்னாரு. எங்க ரத்தத்தப் பத்தி எந்தச் சாட்சி சொன்னது?”

மொழிபெயர்ப்பவர் தயங்கினார். “ஒரு வார்த்தையும் விடாம சொல்லுங்க” என்றாய். சொன்னார். அதிகாரி உன்னையே பார்த்தார். நீ கண்ணைத் தாழ்த்தவில்லை.

சாட்சியத்தில் இல்லாததைப் பேசி வாங்கிய தீர்ப்பு நிற்காது என்றார் நீதிபதி. மூட்டைக்குள் இருந்ததைப் பார்த்த சாட்சியும் இல்லையென்று உன்னை விடுவித்தார்.

மறுநாள், வேலைக்கு ஆள் கூடும் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் கிராணி முணுமுணுத்தார்: “சரி, வேலைக்குப் போ.”

“குத்தமில்லன்னு சொல்லுங்க, கிராணி.”

சொன்னார்.

“எல்லாருக்கும் கேக்கணும்.”

கத்தினார். பனிக்குள் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தப் பஞ்ச காலத்தில் நம் லயன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

நீ போய் வெகுகாலம். இப்போதும் யாராவது, “தோட்டத்து ஜனங்களே இப்படித்தான்” என்று ஆரம்பித்தால் எழுந்துவிடுகிறேன். முழங்கால் வலிக்கிறது. பேசுகிறவர் வாயை மூடும்வரை உட்காருவதில்லை.