உன் அம்மாவின் படையலில் பீச் பழம்

சோச்சிவொன், கொரியா,
ஆகஸ்ட் 9

அன்பு மகள் மிரானுக்கு அப்பா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நல்லபடி இருக்கிறது. சாவோ பாவ்லோவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் முழங்கால் உட்பட நல்லபடி இருக்க வேண்டும்.

அம்மாவின் முதல் வருஷப் படையல் முடிந்தது. கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வர முடியவில்லை என்று நீ போனில் அழுதாய், அழுதது போதும், நடந்ததைக் கேள், சிரிப்பாய். உன் அம்மா எண்பத்தொரு வயதிலும் ஏணியில் நின்று பூச்சி அண்டாமல் பீச் காய்களுக்குக் காகிதப் பை கட்டியவள். சாவுக்கு வந்தவர்களெல்லாம் என்ன உழைப்பு, என்ன பொறுமை என்று உருகினார்கள். உருகியவர்களில் ஒருவராவது அந்த ஏணியைப் பிடித்தது கிடையாது. நானும்தான். நான் பழ விவசாயிகள் சங்கத்தில் தலைவராக இருந்தேன், மரங்களைப் பற்றிப் பேசவே எனக்கு நேரம் போதவில்லை.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அறுபது வருஷம் நம் முன்னோர் படையல் அத்தனைக்கும் சமைத்தவள் அவள்தான். இப்போது அவளுக்கே படையல், சமைக்க அவள் இல்லை. இப்படி ஒரு சங்கடம் வரும் என்று நம் குலத்தில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. உன் தம்பி சங்வூவின் மனைவி, உங்க அம்மாவுக்கு நீங்க மீன் சுடுங்க, எங்க அம்மாவுக்கு நான் சுடுவேன் என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னதில் தப்பு ஏதாவது அகப்படுமா என்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. சங்வூவும் நானும் மீன் துண்டுகளை மாவிலும் முட்டையிலும் தோய்த்துச் சுட்டோம், முதல் தட்டு கரி, இரண்டாவது பச்சை. உன் பெரியப்பா எண்பத்தெட்டு வயதில் கைத்தடியை நீட்டி, சிவப்புப் பழம் கிழக்கே, வெள்ளை மேற்கே, மீன் தலை இந்தப் பக்கம் என்று உத்தரவு போட்டார். எந்தத் தட்டு எங்கே போக வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி, தட்டில் இருப்பது எப்படி உண்டாகிறது என்பதுதான் தெரியாது. இதற்கிடையில் சங்வூ பழக்க தோஷத்தில் முளைப்பயறில் மிளகாய்த்தூளைக் கொட்டிவிட்டான். மிளகாயைக் கண்டால் ஆவி ஓடிவிடும் என்று பெரியப்பா கத்த, வேறு பயறு எடுத்து வேகவைத்தோம். காரமானதை மருமகள் சாப்பிட்டாள், நன்றாக இருந்ததாம்.

அதற்குப் பிறகுதான் நான் பீச் பழத்தைக் கொண்டுவந்தேன். இந்த வருஷம் நம் தோட்டத்தில் காய்த்ததிலேயே பெரியது. பெரியப்பா தடியைக் குறுக்கே நீட்டினார். பீச் ஆவியை விரட்டும், செத்தவர் படையலில் கூடாது என்பது எனக்கு மட்டும் தெரியாதா? அவரோ, ஏண்டா, மிளகாயையாவது மூக்கைப் பொத்திக்கிட்டுத் தாண்டி வருவா, பீச்சைப் பாத்தா வாசப்படிகூட மிதிக்க மாட்டா, வருஷத்துக்கு ஒரு வேளை சோறு, அதையும் கெடுக்காத என்றார். அந்த ஒரு வேளையும் என்னால் அவளுக்கு இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் கேட்டுவிட்டேன். "அண்ணே, அறுபது வருஷமா நாம இங்க கும்பிடறப்ப அவ எங்க இருந்தா? அடுப்படியில. அவள உள்ள விடாம வெச்சது பீச்சா, நாமளா?" பெரியப்பா அடுப்படிப் பக்கம் பார்த்தார். வெச்சுத் தொலை என்று தடியை இறக்கினார்.

சோற்றில் கரண்டியைக் குத்தி, மது ஊற்றி, வணங்கிவிட்டு, அவள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தி வெளியே நின்றோம், ஒன்பது வாய் சோறு சாப்பிடும் நேரம். பெரியப்பா, உள்ளே வருகிறோம் என்று அவளுக்குத் தெரிவிக்க மூன்று தரம் இருமிவிட்டுக் கதவைத் திறந்தார். பழம் அப்படியே இருந்தது. இருக்கத்தானே செய்யும், மீனும்தான் இருந்தது. ஆனால் அவர் பழத்தை மட்டும் காட்டி, பாத்தியா, தொடல என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முழுப் பழத்தை உன் அம்மா எப்போது தொட்டாள்? நல்லது விற்கிற பெட்டிக்கு, அடுத்தது நமக்கு, பறவை கொத்தியதும் கீழே விழுந்து நசுங்கியதும் அவளுக்கு. நசுங்கினதுதான் இனிக்கும் என்பாள். அறுபது வருஷம் நான் அதை நம்பினேன், எவ்வளவு வசதியான நம்பிக்கை பார். பழத்தை எடுத்துப் பெருவிரலால் அழுத்தி, சாறு வழிய நசுக்கி, திரும்ப வைத்துக் கதவைச் சாத்தினேன். பெரியப்பா என்னோடு இன்னொரு ஒன்பது வாய் நேரம் நின்றார். அவள் இல்லாமல் எனக்கு ஒரு நாளும் சரியாக விடியவில்லை, மிரான்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகள் நல்ல உடம்போடும் நல்ல புத்தியோடும் வளரட்டும், உன் கை ஓய்வு என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளட்டும், இதுதான் என் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே. கடையில் பழம் வாங்கினால் நசுங்கியதைக் குப்பையில் போடு. இருப்பதில் நல்லதாக ஒன்றை எடுத்து, பிள்ளைகள் பார்க்கும்படி உட்கார்ந்து, முழுசாக நீயே தின்னு.

உன் அப்பா